பௌலிங் தரையில் எண்ணெய் துடைத்த விவகாரம்

கூடுவாஞ்சேரி,
வியாழக்கிழமை மத்தியானம்.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி வந்தவாசி கோபாலகிருஷ்ணன் அவர்களுக்கு, கூடுவாஞ்சேரி காசிநாதன் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும், என் சம்சாரம் கன்னியம்மாவும், மாப்பிள்ளையின் கோடவுனில் அடுக்கியிருக்கும் பந்துகளும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல். வலி சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை, வலி போயிருக்க வேண்டும் என்றுதான் எழுத வந்தேன். பதற்றத்தில் வாக்கியம் இப்படிப் போகிறது, மன்னிக்கவும்.

பயப்பட வேண்டாம், யாரும் ஆஸ்பத்திரியில் இல்லை. ஒரே ஒருத்தி இருந்தாள், அதுவும் நல்ல காரியத்துக்காக. அதைப் பிறகு சொல்கிறேன். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம், போன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். போனில் பேசினால் கன்னியம்மா காதை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். வாட்ஸ்அப்பில் போட்டால் நம் குடும்பக் குழுவில் என் மகள் கீர்த்தனா இருக்கிறாள், மாப்பிள்ளை ஆனந்தன் இருக்கிறார், இருவரும் சீனாவில் சரக்கு பார்த்துக்கொண்டிருந்தாலும் இங்கே நான் தும்மினால் அங்கே டிங் என்று சத்தம் வரும். அதனால்தான் கூரியர். நான் ஈ.பி. ஆபீசுக்குப் புகார் எழுதுவதாகக் கன்னியம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். தாங்கள் இதைப் படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் பக்குவமாகப் பேச வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. ஏன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்க நியாயம் தங்களுக்குப் புரியும்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, "அந்தப் பந்தையெல்லாம் யாரு சம்பந்தி வாங்குறாங்க?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டீர்கள். அப்போது எனக்கும் தெரியாது, தெரிந்ததுபோல் தலையாட்டினேன். இப்போது சொல்கிறேன். இந்த விளையாட்டுக்குப் பெயர் பௌலிங். நீளமான வழவழப்பான தரை, அதை லேன் என்பார்கள், அதன் கோடியில் பாட்டில் மாதிரி பத்துக் கட்டைகள் நிற்கும், அவற்றுக்குப் பெயர் பின். இந்தக் கோடியிலிருந்து ஆட்டுக்கல் குழவி கனத்துக்கு ஒரு பந்தை உருட்டி அவற்றைத் தள்ளிவிட வேண்டும். தள்ளிவிட்டால் ஒரு மெஷின் வந்து திரும்பவும் நிறுத்தி வைக்கும். நிறுத்தி வைப்பதற்கா தள்ளிவிடுகிறார்கள் என்று நான் கேட்டேன், மாப்பிள்ளை சிரித்தார். இந்த விளையாட்டு மையம் நடத்துகிறவர்களுக்குப் பந்து, பின், ஷூ, தரைக்குப் போடும் எண்ணெய், மெஷின் பெல்ட் எல்லாவற்றையும் மொத்த வியாபாரத்தில் தருவதுதான் உங்கள் பிள்ளையின் தொழில். மால்களுக்குப் போகிறது, ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகளுக்குப் போகிறது, கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்து மண்டை காய்ந்த பையன்களுக்கும் போகிறது. கெட்டிக்காரப் பிள்ளை சம்பந்தி, வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, மனசாரச் சொல்கிறேன்.

என் கதை தங்களுக்குத் தெரியும். செங்கல்பட்டில் கல்யாண மண்டபத்தில் மேனேஜராக இருந்தே தலை நரைத்தவன். ரிட்டையர் ஆன பிறகு வீட்டில் எனக்கு இருந்த உத்தியோகம் பால் பாக்கெட் வாங்குவதும், கேஸ் சிலிண்டர் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதும்தான். கன்னியம்மா பெருக்கும்போது, "காலைத் தூக்குங்க" என்பாள், தூக்குவேன். அதற்கு மேல் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. ஆவணி மாதம் மாப்பிள்ளை வந்து, "மாமா, கோடவுனை நீங்க பாத்துக்கணும். நீங்க இருந்தா எனக்கு நிம்மதி" என்றார். சொந்தப் பிள்ளை இல்லாத குறை அன்று எனக்குத் தீர்ந்தது சம்பந்தி. இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அந்த ராத்திரி சட்டைக்கு நானே இஸ்திரி போட்டேன்.

இப்போது எனக்கு இருக்கும் பயம் ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை திரும்பி வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, கோபப்படாமல், சத்தம் போடாமல், அந்த நல்ல பிள்ளை முகத்தோடு, "மாமா, நீங்க இனிமே வூட்ல ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிடுவாரோ என்பதுதான். திட்டினால்கூடத் தாங்குவேன், ரெஸ்ட் எடுக்கச் சொன்னால் தாங்க மாட்டேன்.

என் மேல் ஏற்கெனவே சில புகார்கள் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலிருந்து ஒரு பார்ட்டி போன் செய்து, "எட்டு லேனுக்கு சாமான் வேணும்" என்றார். மண்டபத்துப் பழக்கம் நாக்கில் ஊறிப்போயிருக்கிறதா, "எந்த முகூர்த்தத்துக்குங்க? ராத்திரி ரிசப்ஷன் உண்டா? பந்தியில எத்தினி பேரு உக்காருவாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். மாப்பிள்ளை அவரைத் திரும்ப அழைத்துச் சமாதானப்படுத்தினார். இன்னொன்று, பின்கள் பத்துப் பத்தாக ஒரு செட். பத்து என்று ரவுண்டாக ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுக்கலாமா? மொய் எழுதினால்கூட மேலே ஒரு ரூபாய் வைத்துத்தானே கொடுப்போம்? அதனால் ஒவ்வொரு செட்டிலும் ஒன்று கூட வைத்துப் பதினொன்றாகக் கட்டி அனுப்பினேன். ஓசூர் பார்ட்டி போன் செய்து, "சார், பத்துப் பின்னுக்குத்தான் மெஷின்ல கயிறு இருக்கு, பதினொண்ணாவதை எங்க நிறுத்துறது?" என்றார். "வீட்ல ஷோகேஸ்ல வைங்க, பார்க்க அழகா இருக்கும்" என்றேன். இதற்கும் மாப்பிள்ளை முகம் சுளிக்கவில்லை. "பரவாயில்ல மாமா, ஸ்பேர்னு சொல்லிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நான் செய்ததைத்தான் இனி எழுதப்போகிறேன்.

கோவளம் அமானுல்லா பாயை மாப்பிள்ளை தங்களிடம் சொல்லியிருப்பார். நெம்மேலி கடல்தண்ணீர் பிளான்ட் தாண்டி, ஈ.சி.ஆர். மேலேயே, எட்டு லேன் வைத்துப் பெரிய விளையாட்டு மையம் கட்டியிருக்கிறார். சாமான் முழுக்க நம்முடையது. இந்தத் திறப்பு விழா நல்லபடியாக நடந்தால் மாமல்லபுரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் மையத்துக்கும் நாம்தான் என்று பாய் வாக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை இதற்காக ஒரு வருஷமாக அலைந்திருக்கிறார். சீனாவுக்குப் புறப்படும் அன்று என்னிடம், "ஜெபக்குமார் எல்லாத்தையும் முடிச்சிருவான் மாமா. நீங்க காலைல போய் வாசல்ல நின்னு நாலு பேரை வாங்கன்னு கூப்பிட்டா போதும்" என்றார். ஜெபக்குமார் நம் மெக்கானிக், தங்கமான பையன். வாசலில் நிற்பது மட்டும்தான் என் வேலை. நன்றாகக் கவனியுங்கள் சம்பந்தி, வாசலில் நிற்பது மட்டும்.

திங்கட்கிழமை திறப்பு விழா. ஞாயிறு சாயங்காலம் ஜெபக்குமார் போன் செய்து, "சார், எல்லாம் ரெடி சார். லேன் மேல யாரும் கால் வெக்காம பாத்துக்கங்க. அவளுக்கு வலி வந்துகினு கீது, நான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றான். அவன் பெண்டாட்டிக்குத் தலைப்பிரசவம். போப்பா, நான் இருக்கிறேன் என்றேன். மறுநாள் விடிந்ததும் நானும் கன்னியம்மாவும் ஒரு லோடு ஆட்டோவில் இரண்டு வாழை மரம், ஒரு தாம்பாளம் சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு எல்லாவற்றோடும் போய் இறங்கினோம். முன்கூட்டியே பாயிடம் கேட்டிருந்தேன். "சந்தனம் உங்களுக்கும் கீது, எங்களுக்கும் கீது அண்ணாத்த. ஜோரா பண்ணுங்க" என்று சொல்லியிருந்தார். மரத்தைக் கட்டிவிட்டு, உள்ளே போய் விளக்கைப் போட்டேன். போட்டால், ஐயோ சம்பந்தி, எட்டு லேனும் பளபளவென்று மின்னுகிறது. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்!

மண்டபத்தில் நான் ஒரு பாத்திரம் காணாமல் போனால்கூடச் சும்மா இருப்பேன், தரையில் எண்ணெயைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டேன். ஒரு தடவை பந்திக்குப் போன மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா சிந்திய நெய்யில் வழுக்கி விழுந்து, பெண் வீட்டார் வேண்டுமென்றே கொட்டினார்கள் என்று முகூர்த்தமே நிற்கப் பார்த்தது. அன்றிலிருந்து என் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் தங்கியதில்லை. கன்னியம்மாவும் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாவங்க அந்தப் புள்ள. வலின்னு போன் வந்ததும் பதறிப்போய் டப்பாவைக் கவுத்துட்டு ஓடிருப்பான். யாருக்கும் தெரியறதுக்குள்ள தொடச்சிடலாம், இல்லன்னா அவனுக்குத்தான் கெட்ட பேரு" என்றாள். இது அவளுடைய யோசனை என்று பழி போடவில்லை. என் யோசனையும் அதுதான், அவள் முந்திக்கொண்டாள். நெம்மேலிக் கடையைத் திறக்கச் சொல்லி, அங்கே இருந்த சீயக்காய்த் தூள் பாக்கெட் முழுவதையும் வாங்கி வந்தேன். எண்ணெய்க்குச் சீயக்காய்தான், சோப்புப் போட்டால் இன்னும் வழுக்கும், இது மண்டபத்து அனுபவம். இரண்டு பேரும் முட்டி போட்டு எட்டு லேனையும் தேய்த்தோம். தேய்த்து, துடைத்து, மறுபடி துடைத்து, விரலை வைத்து இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இடுப்பு ஒடிந்துபோனது. ஆனால் எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு போட்டோ எடுத்து, "கவலைப்படாதே தம்பி, உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம்" என்று எழுதி ஜெபக்குமாருக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. "சார்! இன்னா சார் பண்ணி வெச்சிருக்கீங்க? அது கொட்டுன எண்ணெய் இல்ல சார், நான் போட்ட எண்ணெய்!" என்றான். எண்ணெய் மேல்தான் பந்து வழுக்கிக்கொண்டு போக வேண்டுமாம், எண்ணெய் இல்லாவிட்டால் பந்து தரையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பிவிடுமாம், தரையும் தேய்ந்து வீணாகிவிடுமாம். காசு கொடுத்துத் தரையில் எண்ணெய் ஊற்றுகிற தொழிலும் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் சம்பந்தி? கோடவுனில் டப்பா டப்பாவாக அடுக்கியிருந்ததை நான் மெஷினுக்கு ஊற்றும் எண்ணெய் என்றல்லவா நினைத்தேன்! "மெஷின்லதான் சார் அதைப் போடணும். சார்ஜ் வேற இல்ல. நீங்க ஒண்ணும் தொடாதீங்க, நான் வந்துகினே இருக்கேன்" என்றான். அதே நேரம் போனில் பின்னால் ஒரு பெண் குரல் அலறியது. கன்னியம்மா போனைப் பிடுங்கி, "டேய், நீ அங்கேயே இரு. அந்தப் பொண்ணு கண்ணைத் திறந்தா உன் மூஞ்சி எதிர்ல இருக்கணும். எண்ணெயை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். இதில் நாங்கள் செய்தது தப்பா, சொல்லுங்கள்.

ஆக, எண்ணெயை நாங்கள் பார்த்துக்கொண்டோம். அலமாரியில் புது டப்பா இருந்தது. ஒரு பழைய வேட்டியைக் கிழித்து, எண்ணெயில் நனைத்து, துடைப்பக் கட்டையில் சுற்றி, கோடியில் ஆரம்பித்தேன். தரை வேலை என்றால் உள்ளே ஆரம்பித்து வாசலில் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் துடைத்ததை நாமே மிதிப்போம், இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியே பின்வாங்கிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு கறுப்புக் கோடு வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பளபளவென்று இருக்கிறது, இந்தப் பக்கம் மொட்டையாக இருக்கிறது. பாதி மினுக்கிப் பாதி விட்டால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? மாப்பிள்ளையின் முதல் பெரிய வேலை, அதில் கஞ்சத்தனம் செய்யலாமா என்று படிக்கட்டு வரைக்கும் ஒரே சீராக இழுத்து முடித்தேன். அந்தக் கறுப்புக் கோடு எதற்கு என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்து ஓடும் இடம். இந்தப் பக்கம் மனுஷன் ஓடும் இடம்.

இன்னும் ஒன்று. அங்கே பந்து போடுகிறவர்களுக்கென்று தனி ஷூ உண்டு, அதுவும் நாம் கொடுத்ததுதான், எல்லாரும் மாற்றி மாற்றிப் போடுவது. ஊரே போட்ட ஷூவை வந்த விருந்தாளிக்குக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. அதையெல்லாம் உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு, வாசலில் "காலணிகளை இங்கே விடவும்" என்று மண்டபத்தில் எழுதுவதுபோல் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். பந்துகளுக்குச் சந்தனம் தொட்டு வைத்தேன். பந்தில் விரல் விட மூன்று ஓட்டை இருக்கிறது, சந்தனம் பாட்டுக்கு அதில் இறங்கிவிட்டது, அழகாகத்தான் இருந்தது.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். வாழை மரத்தைப் பார்த்துவிட்டுக் கல்யாணம் என்று நினைத்து, அழைக்காதவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள். கோவளத்துப் பெண்கள் மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து ஏசியில் உட்கார்ந்தார்கள். நான் வாசலில் நின்று பன்னீர் தெளித்து, கல்கண்டு கொடுத்து, "வாங்க வாங்க, சாப்ட்டுட்டுத்தான் போகணும்" என்றேன். சாப்பாடு கிடையாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அமானுல்லா பாய் வெள்ளைச் சட்டை, வெள்ளை லுங்கியில் வந்து, என்னைக் கட்டிப் பிடித்து, "அண்ணாத்த, இன்னா இது, கல்யாண வூடு மாதிரி கீது!" என்று கண் கலங்கினார். பின்னால் அவர் சம்சாரம் ஷரீபுன்னிசா அம்மா பட்டுச் சேலையில் வந்தார்கள். வந்திருந்த பெரியவர்கள் ஓதி முடித்தார்கள். முதல் பந்தைப் பாய்தான் போட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

பாய் பந்தை எடுத்தார். சந்தனத்தில் விரல் புதைந்தது. சிரித்துக்கொண்டே வெறுங்காலோடு இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டு வைக்கவில்லை சம்பந்தி, வைக்க வேண்டியே இருக்கவில்லை. நின்றபடியே போனார். கறுப்புக் கோடு வரைக்கும் நின்றபடி போனார், கோட்டுக்கு அப்புறம் உட்கார்ந்தபடி போனார். பந்து சந்தனத்தில் வழுக்கி அவர் கையை விட்டுக் கழன்று முன்னால் போயிற்று. பந்து தன் பாட்டுக்கு நேராகப் போய்ப் பத்துப் பின்னையும் சாய்த்தது. உடனே மேலே டி.வி.யில் ஒரு கரடி பொம்மை டிரம்ஸ் அடித்து ஆட ஆரம்பித்துவிட்டது. அதை எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஷரீபுன்னிசா அம்மா, "இன்னாங்க, அடி பட்டுச்சா?" என்று கத்தினார்கள். பாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அத்த வுடு, பத்தும் வுழுந்துச்சா?" என்று கேட்டார்.

அவரைத் தூக்கப் போன இரண்டு பேர் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார்கள். நான் என் தோளில் இருந்த துண்டை எடுத்துக்கொண்டு முட்டி போட்டு ஊர்ந்து போய், பாய் காலடியிலிருந்து படிக்கட்டு வரைக்கும் துடைத்து ஒரு பாதை போட்டேன். கன்னியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இந்தப் பக்கமிருந்து துடைத்துக்கொண்டு வந்தாள். கோவளத்துப் பெண்கள், "மணல் கொண்டாந்து கொட்டட்டுமா?" என்று உதவிக்கு வந்தார்கள், நல்லவேளை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் புத்தி மிச்சம் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஜெபக்குமார் வந்து நிற்கிறான். கையில் சாக்லேட் பெட்டி. "சார், பொம்பளப் புள்ள!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே பார்த்தவன், அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். பிறகு அவன்தான் எழுந்து, நடக்கும் இடத்தைக் காய வைத்து, மெஷினுக்குச் சார்ஜ் ஏற்றி, பந்து ஓடும் இடத்தில் மறுபடி எண்ணெய் போட்டு, மத்தியானத்துக்குள் ஒழுங்கு பண்ணினான். குழந்தை பிறந்த அன்று அவனை இப்படி வேலை வாங்கிவிட்டோமே என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அவன் குழந்தைக்கு நான் ஒரு அரைஞாண் போடப்போகிறேன்.

சாயங்காலம் பாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறினார். நான் ஓடிப்போய், "பாய், தப்பு என்னோடது. மாப்பிள்ளை மேல கோபம் வெச்சுக்காதீங்க" என்றேன். அவர், "ஆனந்தன் வரட்டும், பேசிக்கலாம்" என்றார். கார் போய்விட்டது.

சம்பந்தி, மண்டபத்தில் இத்தனை வருஷம் இருந்தவன் நான். அட்வான்ஸ் கொடுக்க வந்த பார்ட்டி எல்லா இடத்தையும் பார்த்துவிட்டு, "அப்புறம் பேசிக்கலாம்" என்று சொன்னால் அது கேன்சல்தான். மாமல்லபுரம் ஆர்டர் போய்விட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்துபோயிற்று. ஒரு வருஷம் அலைந்தவர் மாப்பிள்ளை, ஒரு காலையில் கெடுத்தவன் நான். அன்று ராத்திரி கன்னியம்மாவை உட்கார வைத்து, "மாப்பிள்ளை வர்ற வரைக்கும் இது வெளிய போகக் கூடாது, உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தா அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று சொல்லி, அவள் தாலியைத் தொட்டுச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். பாவம், நாலு நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் தாங்கள் ஞாயிறு காலை விமான நிலையத்துக்கு வந்து, காரில் வரும்போது, தாம்பரம் தாண்டியபின், கீர்த்தனா தூங்கிய நேரம் பார்த்து, மாப்பிள்ளையிடம் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். முதலில் குழந்தை பிறந்ததைச் சொல்லுங்கள். பிறகு பத்தும் விழுந்ததைச் சொல்லுங்கள். பாய் விழுந்ததைக் கடைசியில் சொல்லுங்கள். மாமா தானாகவே விலகிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார் என்றும் சொல்லிவிடுங்கள், மாப்பிள்ளை தன் வாயால் சொல்லும் சங்கடம் அவருக்கு வேண்டாம். கோடவுனைப் பெருக்கி வைத்திருக்கிறேன், பந்துகளைக் கனத்தின்படி அடுக்கியிருக்கிறேன், செட்டுக்குப் பத்துப் பின்தான் கட்டியிருக்கிறேன். இனி வருகிறவருக்குச் சிரமம் இருக்காது.

தங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். தங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், வழுக்காமல், நீண்ட காலம் நடமாடத் திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் பணிவுள்ள சம்பந்தி,
செ. காசிநாதன்.

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டுவிட்டு, கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது, கன்னியம்மா டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, ஈ.பி. ஆபீசுக்கு இத்தனை பக்கமா என்று கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் நின்று முழுக்கப் படித்தாள். படித்து முடித்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள் சம்பந்தி. "இதை எதுக்குங்க கூரியர் காசு போட்டு அனுப்புறீங்க? அவங்களுக்கு அன்னிக்கே தெரியும்" என்கிறாள். பாயை இன்னும் தரையிலிருந்து தூக்குவதற்கு முன்பே, கரடி பொம்மை ஆடிக்கொண்டிருக்கும்போதே, இவள் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாளாம். நான் தாலியைத் தொட்டுச் சத்தியம் வாங்கியது ராத்திரியாம், சொன்னது காலையிலாம், அதனால் சத்தியம் செல்லாதாம். தாங்கள் உடனே சீனாவுக்குச் சொன்னீர்களாம். கீர்த்தனா விழுந்து விழுந்து சிரித்தாளாம். இதெல்லாம் நாலு நாளாக நம் குடும்பத்தில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்!

அதோடு விடவில்லை. போனில் மாப்பிள்ளை திங்கட்கிழமையே அனுப்பிய குரல் செய்தி ஒன்றைப் போட்டுக் காட்டினாள். "அத்தை, மாமா கிட்ட இப்ப ஒண்ணும் கேக்காதீங்க, அவரா சொல்லட்டும். அமானுல்லா பாய் பேசினாரு. 'நான் வுழுந்தப்போ அத்தினி பேரும் போனைத் தூக்குனாங்க, உங்க மாமனாரு ஒருத்தருதான் துண்டைத் தூக்குனாரு'ன்னாரு. மாமல்லபுரம் நம்மளுக்குத்தான் அத்தை. தை மாசம் திறப்பு விழா, வாசல்ல மாமாதான் நிக்கணுமாம். எண்ணெய் டப்பா கிட்ட மட்டும் வுட வேணாம்னாரு." இதை நான் ஆறு தடவை கேட்டேன். ஏழாவது தடவை போட மாட்டேன் என்று கன்னியம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம், விமான நிலையத்துக்கும் வர வேண்டாம், நான் விலகுவதாக எழுதிய பக்கத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடவும். வாழை மரத்துக்கு மாமல்லபுரத்தில் இப்போதே சொல்லி வைக்கப்போகிறேன். இன்னொன்றும் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. திங்கட்கிழமை சாயங்காலம் தாங்கள் போன் செய்தீர்கள். வந்தவாசியில் மழை என்றீர்கள், இங்கேயும் மழை என்றேன். பிறகு, "சாப்ட்டீங்களா சம்பந்தி?" என்று கேட்டீர்கள். சாப்பிட்டேன் என்றேன். வைக்கப் போகும்போது மறுபடி கேட்டீர்கள். வயதாகிவிட்டது, மறந்து மறந்து கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னேன். அன்று நான் சாப்பிடவில்லை சம்பந்தி, செவ்வாயும் புதனும்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இப்போது இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இடது கையால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ரசக் கறை பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.